சுற்றி வைத்துப் போனவன்

கண்ணை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன சிஸ்டரின் செருப்புச் சத்தம் வராந்தா முனையில் திரும்புவதற்குள் தயாவதி கண்ணைத் திறந்துவிட்டாள். மடியில் இருந்த பைக்குள் போன் ஒருதரம் உதறியது. மணியடித்தால் தங்கை, உதறினால் கடிதம், இந்த நேரத்தில் கடிதம் போடக்கூடியவள் உலகத்தில் ஒரே ஒருத்திதான். துணி உறையின் நாடாவைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துப் போனை எடுத்து நேரே பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள், எங்கே பிடித்தாலும் பால் சிந்தினது மாதிரி ஒரு வெள்ளை, வெள்ளைக்குள் கறுப்பாக ஏதோ ஊர்கிறது. அறுபத்தேழு வயதில் இடது கண்ணுக்குப் புரை எடுக்க வந்த இடத்தில், வந்ததுதான் வந்தீர்கள் வலது கண்ணின் உள்பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதால் இரண்டிலும் சொட்டு மருந்து. சில மணி நேரத்துக்கு எழுத்து தெரியாதும்மா, பயப்படாதீங்க என்று அந்தச் சிஸ்டர் எவ்வளவு லேசாகச் சொன்னாள். எழுத்து தெரியாதாம். நாற்பது வருஷமாக எழுத்தைத் தவிர வேறொன்றையும் ஒழுங்காகப் பார்த்திராத கண்ணிடம் வந்து சொல்கிறாள். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மீசை உண்டா இல்லையா என்று கேட்டால் தயாவதிக்குத் தெரியாது, ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எகிப்து மணலில் புதைந்த ஒரு தாளில் எந்த இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது என்று கேட்டால் விரல்கடை விரல்கடையாகச் சொல்லுவாள். அந்தத் தாளைப் பற்றித்தான் கடிதம். மூன்று வாரத்துக்கு முன்னால், அங்கே பழஞ்சுவடிகளை விரித்துப் படிக்கிற லிவியா எழுதியிருந்தாள், ஐரோப்பாவில் ஒரு நூலகத்தின் நிலவறையில் பழைய தகரப் பெட்டி ஒன்றில் உங்கள் நாடகத்தின் மூன்றாவது துண்டு இருக்கிறது, அப்பளம் மாதிரி சுருண்டு போயிருக்கிறது, ஈரக்காற்றில் வைத்து மெதுவாக விரிக்கிறோம், விரிந்ததும் நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துவிடும், தெரிந்ததும் எழுதுவேன் என்று. உங்கள் நாடகம் என்று எழுதியிருந்தாள். அந்த வார்த்தையை மட்டும் தயாவதி நாலைந்து தடவை வாசித்தாள். இப்போது பதில் உள்ளங்கையில் சூடாக இருக்கிறது, சரியா தப்பா, இதில் எழுதியிருக்கிறது, வாசிக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு ஆண்பிள்ளை நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், டக் டக், டக, டக் டக். இந்த மனுஷனுக்கு என்ன அவசரமோ.

சரி, மூடிக்கொள்வோம். மூடினால் அந்த இரண்டு துண்டும் தெரியும், அதற்கு எந்த மருந்தும் குறுக்கே வராது. ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது, இன்னொன்று கடல் தாண்டி வேறொரு அருங்காட்சியகத்தில். இரண்டும் ஒரே சுருளில் இருந்தவை, ஒரே ஆள் கையெழுத்து, எகிப்தில் குடியேறின கிரேக்கர்கள் வாசித்த ஒரே நாடகம். எழுதினவன் பேர் கிடையாது, நாடகத்துக்கும் பேர் கிடையாது, மிஞ்சினது எல்லாம் சேர்த்தால் எழுபது வரி. ஒரு தாய். மகன் கப்பலேறிப் போயிருக்கிறான். ஒரு துண்டில் அவள் தலைமயிரை அறுத்துக் கடலில் போட்டு ஒப்பாரி வைக்கிறாள், அலையே என் பிள்ளைக்குப் பாய் விரித்தாயா என்கிற மாதிரி. கிரேக்கத்தில் அதைச் சத்தம் போட்டு வாசித்தால் தயாவதி இன்றைக்கும் கடைசி வரிக்கு முன்னால் ஒருதரம் நிறுத்தித்தான் மேலே போவாள். இன்னொரு துண்டில் அதே தாய், வெந்நீர் வையுங்கள், மீனைச் சுடுங்கள், வாசலில் நிற்கிறவனை உள்ளே விடுங்கள் என்று வேலைக்காரிகளை விரட்டி விரட்டிச் சிரிக்கிறாள். எது முதலில், எது பிறகு? அவ்வளவுதான் கேள்வி. பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள், வெந்நீர் முதலில், ஒப்பாரி பிறகு, மகன் வருகிறான் என்று நம்பி ஏமாந்து கடைசியில் அழுகிறாள், துன்பியல் நாடகம் அழுகையில்தான் முடியும். நூறு வருஷமாக அப்படித்தான் அச்சடித்தார்கள், அப்படித்தான் பாடம் நடத்தினார்கள். தயாவதி மட்டும் சொன்னாள், இல்லை, ஒப்பாரி முதலில், வெந்நீர் பிறகு, அவன் வந்துவிட்டான், அவள் சிரித்துக்கொண்டே முடிக்கிறாள். அப்படிச் சொல்ல அவளிடம் என்ன இருந்தது? ஓட்டை இருந்தது. வெறும் பூச்சி ஓட்டை. ஒப்பாரித் துண்டில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஐந்து விரல்கடை. வெந்நீர்த் துண்டில் நாலுக்கும் குறைவு. சுற்றி வைத்த சுருளில் பூச்சி ஒருதரம் துளைத்தால் விரிக்கும்போது வரிசையாக ஓட்டை விழும், வெளிச்சுற்றில் தள்ளித் தள்ளி, உள்ளே போகப் போக நெருக்கமாக. நூலின் ஆரம்பம் வெளிச்சுற்றில் இருக்கும், முடிவு நடுமையத்தில். நெருக்கமான ஓட்டை எங்கேயோ அங்கேதான் கதை முடிகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கிரேக்கம் தெரிய வேண்டாம், ஜவுளிக்கடை தெரிந்தால் போதும்.

ஜவுளிக்கடை தெரியும். பாளையங்கோட்டையில் அப்பா சாமுவேல் வேலை பார்த்த கடையில் திரைச்சீலைத் துணி ரோல் ரோலாகச் சுவரோரம் நிற்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் நிழலில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம். ஒருநாள் ஒரு ரோலை எலி கடித்துவிட்டது. முதலாளி வந்து ஐயோ துணி முழுக்கக் கடிச்சிருச்சே என்று தலையில் கை வைக்க, அப்பா துணியைத் தரையில் விரித்துக் காட்டினார், "முழுக்கக் கடிக்கல முதலாளி, ஒரே கடிதான். துணி சுத்திக்கிட்டு இருந்ததால அத்தன கடியாத் தெரியுது." பச்சையும் மஞ்சளுமான துணியில் ஓட்டை ஓட்டையாக நீண்டு போயிற்று, போகப் போக நெருங்கிற்று, ஒன்பது வயசுத் தயாவதி அதன் மேலேயே நடந்து நடந்து பார்த்து அப்பாவிடம் வசவு வாங்கினாள். கிரேக்கம் அதற்குப் பிறகு வந்தது, அதுவும் கோபத்தில் வந்தது. வேதக்கோயிலில் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் மூலமொழியான கிரேக்கத்தில் இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். என்ன வேறு அர்த்தம்? உனக்கு மட்டும் தெரிகிற வேறு அர்த்தம் எனக்கு ஏன் தெரியக்கூடாது? தபாலில் பாடம் வரவழைத்து இலக்கணத்தைத் தின்று தீர்த்தாள், பிறகு ஐயரின் மூலமொழியை விட்டு அதற்கும் ஐந்நூறு வருஷம் முந்தின நாடகக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தாள், அங்கேயே தங்கிவிட்டாள். அம்மாதான் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள், "ஏட்டி, அந்தப் பாஷய இப்ப யாரு பேசுதா?" "அந்த மாதிரி இப்ப யாரும் பேசலம்மா." "பின்ன யார்ட்டப் பேச அதப் படிக்க?" அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் இல்லை. தயாவதி சிரித்துவிட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாள், கிடைத்தது, இருபத்தைந்து வயதில் இரண்டு புடவையும் ஒரு கம்பளிச் சட்டையுமாக இங்கிலாந்து போனாள், போன மூன்றாவது மாதம் அந்த ஒப்பாரித் துண்டைக் கண்ணாடிக்கு அடியில் முதல்முதலாகப் பார்த்தாள். எல்லோரும் எழுத்தைப் பார்த்தார்கள். அவள் ஓட்டையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அப்பாவின் குரல் கேட்டது, ஒரே கடிதான் முதலாளி.

"கண்ணத் திறந்து வச்சிருக்கீங்களா?" சிஸ்டர் திரும்ப வந்துவிட்டாள். "இல்லம்மா, மூடித்தான் இருந்தேன்." அறுபத்தேழு வயதில் பொய். அண்ணாந்து பார்க்கச் சொல்லி மறுபடி சொட்டு, சில்லென்று எரிந்து ஒரு துளி தொண்டை வரைக்கும் கசந்தது. இன்னும் அரை மணி நேரமாம், பிறகு உள்ளே கூப்பிடுவார்களாம். கண்ணின் உள்பக்கத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் என்ன செய்வது, புரை எடுத்தும் வெள்ளையாகவே இருந்தால், இந்தப் பால் வெள்ளைதான் இனி நிரந்தரம் என்றால். அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் உடனே வந்து நிற்பது ஹெதர்லியின் முகம். பேராசிரியர் ஹெதர்லி, அந்தத் துறையில் அவர் தும்மினால் ஐரோப்பா முழுக்கக் கைக்குட்டை எடுக்கும். அவர் முன்னால், இருபது பேர் உட்கார்ந்திருந்த கருத்தரங்கில், தயாவதி ஒரு நீளக் காகிதச் சுருளை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய பின்னல் ஊசியால் ஒரே குத்துக் குத்தி, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரித்துக் காட்டினாள். புகை வாசனை அடங்கவில்லை, ஓட்டைகள் வரிசையாக நெருங்கிப் போயின, ஒரு ஆள் எழுந்து நின்றே பார்த்தான். என்ன ஒரு நாள் அது! ஜவுளிக்கடைச் சாமுவேல் மகள் அந்த மேஜை முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹெதர்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார், மிஸ் சாமுவேல், எல்லாம் சரி, கடைசியாக வாசித்தவன் சுருளைத் திருப்பிச் சுற்றி வைக்காமல் போயிருந்தால்? அவ்வளவுதான். அறை சிரித்தது. ஏனென்றால் சுருளை வாசித்து முடிக்கும்போது அது தலைகீழாகச் சுற்றிக்கொள்கிறது, முடிவு வெளியே வந்துவிடும், ஆரம்பம் நடுவில் போய்விடும். நல்ல வாசகன் என்றால் அடுத்தவனுக்காக மறுபடி ஆரம்பத்துக்குத் திருப்பிச் சுற்றி வைப்பான். சோம்பேறி அப்படியே போட்டுவிட்டுப் போவான். பிற்காலத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடைகளில் தயவுசெய்து சுற்றித் தரவும் என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோதெல்லாம் தயாவதி நின்று இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் நகருவாள். பூச்சி வந்த அன்றைக்குச் சுருள் சுற்றி வைத்திருந்ததா, இல்லையா? சோம்பேறி ஒருவன் கடைசியாக வாசித்திருந்தால் கணக்கு அப்படியே தலைகீழ், ஒப்பாரிதான் முடிவு, ஹெதர்லிதான் சரி. ஆக நாற்பது வருஷ வழக்கும் பேர் தெரியாத ஒரு எகிப்துக்காரனின் நடத்தையில் வந்து தொங்கிற்று.

அவன் சுற்றி வைத்திருப்பான் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இல்லை, தெரியும். அப்பா ஒரு வாடிக்கைக்காரிக்குப் பதினேழு ரோல் விரித்துக் காட்டி அவள் ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போன பிறகும் பதினேழையும் விளிம்பு தட்டிச் சுருக்கமில்லாமல் சுற்றி நிறுத்துவார். எதுக்குப்பா இப்பவே என்றால், "அடுத்தாப்பில வாரவ கசங்கலாப் பாக்கணுமா?" என்பார். அப்படி ஒரு ஆள் பாளையங்கோட்டையில் இருந்தார் என்றால் எகிப்தில் ஒரு ஆள் இருந்திருக்க மாட்டானா? அதோடு, வெந்நீர் வையுங்கள் என்கிற இடத்தில் முடிகிற நாடகத்தை வாசித்தவன் அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போயிருப்பானா, மனசு வருமா, இன்னொரு தரம் முதலிலிருந்து வாசிக்கத் தோன்றியிருக்காதா? இதையெல்லாம் ஆய்வேட்டில் எழுத முடியாது. ஹெதர்லி கடைசியில் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொன்னார், ஒரே ஒரு வார்த்தை போடு, ஒருவேளை, ஒருவேளை இந்த வரிசை இருந்திருக்கலாம் என்று, புத்தகமாகப் போட்டுவிடலாம், இங்கேயே ஒரு இடமும் பார்க்கலாம். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கிரேக்கம் படித்தவர்களின் உப்பு அந்த வார்த்தை, எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை போட்டால்தான் சபையில் எடுபடும். தயாவதி டீயைக் குடித்து முடித்துவிட்டு முடியாது என்றாள். பட்டம் கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை, இடம் கிடைக்கவில்லை. மதுரைக்கு வந்து ஒரு இறையியல் கல்லூரியில் வருங்காலப் போதகர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தாள், முப்பத்தொரு வருஷம். பாஸ் மார்க் போதும் டீச்சர் என்று கெஞ்சுகிறவர்கள்தான் பாதிப் பேர், ஆனாலும் வருஷக் கடைசி வகுப்பில் பாடத்தை மூடிவைத்துவிட்டு அந்த ஒப்பாரியையும் வெந்நீரையும் தன் வரிசைப்படியே சத்தம் போட்டு வாசிப்பாள், முரட்டுப் பையன்கள் மூக்கை உறிஞ்சுவார்கள், பிறகு சிரிப்பார்கள். அது தோல்வி வாழ்க்கை என்று யாராவது சொன்னால் செருப்பைக் கழற்றுவாள். ஜெயித்த வாழ்க்கைதான். ஒரே ஒரு இடம் தவிர.

அந்த ஒரு இடத்துக்கு மனசு வந்தே தீரும், எத்தனை வழி சுற்றினாலும். ஐம்பத்திரண்டாவது வயதில் பெரிய கையேடு ஒன்றுக்கு எட்டுப் பக்கம் எழுதச் சொல்லிக் கேட்டார்கள், உலகம் முழுக்க மாணவர்கள் புரட்டும் புத்தகம். எழுதினாள். பதிப்பாசிரியர் பணிவாகக் கேட்டார், அந்த வரிசை பற்றின வாக்கியத்தில் ஒரு ஒருவேளை சேர்க்கலாமா, உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால். அந்த வாரம் கல்லூரியில் விடைத்தாள் கட்டு, வீட்டில் தண்ணீர் வரவில்லை, தலைவலி. சரி என்று எழுதிவிட்டாள். ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிட்டாள்! யாரும் மிரட்டவில்லை, யாரும் டீ கூடக் கொடுக்கவில்லை. சும்மா, மரியாதைக்கு. இருபத்தெட்டு வயதில் வேலையைக் கொடுத்தாலும் போடாத வார்த்தையை ஐம்பத்திரண்டில் இனாமாகப் போட்டாள். அதற்குப் பிறகு யார் அவளைப் பற்றி எழுதினாலும் அந்த வரிதான், தயாவதி சாமுவேல் கருதுவது போல ஒருவேளை என்று. வாசிக்கிறபோதெல்லாம் கல்லைக் கடித்தது போலிருக்கும். இப்போது கையில் இருக்கிற கடிதம் தப்பு என்று சொன்னால், அந்த ஒருவேளை அவளைக் காப்பாற்றிவிடும், பார்த்தீர்களா நான் அப்போதே சந்தேகமாகத்தான் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். அப்படித் தப்பிப்பதை நினைத்தால்தான் உண்மையில் பயமாக இருந்தது. குருடாவதை விட. தோற்றால் முழுசாகத் தோற்க வேண்டும் ஆண்டவரே, அந்த அம்மா கடைசியில் அழுதாள் என்றால் நானும் அவளோடு உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறேன், ஆனால் அந்த வார்த்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிய விடாதே. டக் டக், டக, டக். அந்த விரல் இன்னும் ஓயவில்லை. ஆபரேஷன் முடிந்து, மருந்து தெளிந்தால் சாயங்காலம் வலது கண்ணால் வாசிக்கலாம். சாயங்காலம் வரைக்கும் உயிர் தரிக்குமா? தயாவதி வெள்ளை வெளியில் தலையைத் திருப்பினாள்.

"சார், கொஞ்சம் இங்கிலீஷ் வாசிப்பீங்களா?" விரல் நின்றது. "வாசிப்பேம்மா. தந்தியாபீஸ்ல முப்பத்தினாலு வருஷம், வாசிக்கிறதுதான பொழப்பே." திருநெல்வேலிப் பேச்சு, காதில் வெல்லம். பேர் ஆவுடையப்பன், ஊர் சங்கரன்கோவில், உள்ளே ஆபரேஷன் நடப்பது அவர் மனைவி கோமதிக்கு. அவளும் பேர் சொல்லி, கல்லூரியில் டீச்சராக இருந்தவள் என்றாள். டக் டக் என்று விரல் தட்டிக்கொண்டிருந்தது தந்தி மொழி, பழக்கம் விடவில்லை. "என்ன தட்டிக்கிட்டு இருந்தீங்க அண்ணாச்சி?" "கோமதி, கோமதின்னுதான். வேற என்ன தட்ட? உள்ள போயி முக்கா மணி நேரம் ஆச்சு." இருட்டில் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கை மாதிரி இருந்தது அவர் குரல். உறையோடு போனை நீட்டினாள். "ஒரு கடிதம் வந்திருக்கு. லிவியான்னு போட்டிருக்கும். அத வாசிச்சுச் சொல்லணும்." வாங்கிக்கொண்டார். சத்தம் இல்லை. "என்ன அண்ணாச்சி?" "பொறுங்கம்மா. எழுத்து தெரியாதவங்க தந்தியத் தூக்கிட்டு ஆபீசுக்கே ஓடி வருவாங்க, வாசிச்சுச் சொல்லுங்கம்பாங்க. மொதல்ல நான் மனசுக்குள்ள வாசிச்சிருவேன். பொறவுதான் சத்தம். கெட்ட சேதின்னா ஆள உக்கார வச்சிட்டுல்லா சொல்லணும்." "நான் உக்காந்துதான் இருக்கேன்." "ஆமா, உக்காந்துதான் இருக்கிய," என்று சொல்லிவிட்டு மறுபடி மனசுக்குள் வாசிக்கப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் முகம் இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம், அதில் வெள்ளையாக மீசையோ சிரிப்போ. ஒரு நிமிஷம் ஆயிருக்குமா, அதற்குள் தயாவதி ஒப்பாரி முழுவதையும் ஒருதரம் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டாள், அலையே, என் பிள்ளைக்கு, சொல்லி முடித்துக் கடைசி வரியில் நின்றாள், அதற்கு மேல் போக இவர் வாயைத் திறக்க வேண்டும். அவர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு விஷயம் புரியல டீச்சர். ஆனா எழுதினவளுக்கு ரொம்ப சந்தோசம், அது மட்டும் தெரியுது. நல்ல சேதிதான். வாசிக்கட்டுமா?"

அவர் இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாக ஆணி அடிக்கிற மாதிரி வாசித்தார், வாக்கியம் முடிந்தால் பழைய வழக்கத்தில் ஸ்டாப் என்றார். மதிப்புக்குரிய தயாவதி, ஸ்டாப். துண்டு நேற்று மாலை விரிந்தது, ஸ்டாப். அதில் அடுத்தடுத்து இரண்டு பத்திகள் இருக்கின்றன, ஸ்டாப். இடது பத்தியில் ஒப்பாரியின் கடைசி ஆறு வரி, ஸ்டாப். வலது பத்தியில் வெந்நீர், ஸ்டாப். இடதிலிருந்து வலது, கிரேக்கம் அப்படித்தான் ஓடும். முதலில் ஒப்பாரி, பிறகு வெந்நீர். "இன்னொரு தடவ, அண்ணாச்சி." வாசித்தார். "இன்னொரு தடவ." சலிக்காமல் வாசித்தார். ஓட்டைகள் மூன்று துண்டிலும் நீங்கள் அளந்து சொன்ன கணக்கிலேயே நெருங்கி வருகின்றன, ஸ்டாப். நாங்கள் நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்று கைதட்டினோம், ஸ்டாப். தயாவதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது, வயிற்றின் அடியிலிருந்து வந்தது, ஆஸ்பத்திரி என்று பார்க்காமல் வந்தது, எதிர் வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பியிருப்பார்கள், திரும்பட்டும், அவன் வந்துவிட்டான், அவன் வாசலில்தான் நிற்கிறான், மயிரை அறுத்துப் போட்டவள் மொட்டைத் தலையோடு ஓடி ஓடி மீன் சுடச் சொல்கிறாள், நூறு வருஷமாக அவளை அழவிட்டவர்கள் இனிமேல் என்ன செய்வார்கள் பார்ப்போம்! அம்மா, யாரிடம் பேச அதைப் படிக்கிறாய் என்று கேட்டாயே, அவளிடம்தான் அம்மா. அவளைச் சிரிக்கச் சொல்லத்தான். அப்பா, ஒரே கடிதான் அப்பா. "டீச்சர், இன்னும் கொஞ்சம் இருக்கு. ஒரு கேள்வி கேட்டிருக்கா." கட்டுரையின் முதல் வரியில் உங்கள் பெயர் வரும், ஸ்டாப். உங்கள் ஆய்வேட்டில் இல்லாத ஒருவேளை என்ற சொல் கையேட்டில் இருக்கிறது, ஸ்டாப். எதை மேற்கோள் காட்டட்டும், கேள்விக்குறி.

"பதில் அடிக்க முடியுமா அண்ணாச்சி?" "அடிக்கதுக்குத்தான பெறந்திருக்கேன். சொல்லுங்க." தயாவதி நாற்காலியில் நிமிர்ந்தாள், வகுப்பில் நிற்பது மாதிரி. மறுபடி ஒருதரம் அந்தப் பழைய தலைவலி, தண்ணீர் வராத குழாய், ஆட்சேபம் இல்லை என்று எழுதின கை எல்லாம் வந்து நின்றன, இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு நின்றன. "ஆய்வேட்டைக் காட்டுங்கள். கையேட்டில் இருக்கும் ஒருவேளை என் கோழைத்தனம், அது என் பெயரில் இனி எங்கேயும் வரக்கூடாது. கண் திறந்ததும் நேரில் வருகிறேன். வெந்நீர் வையுங்கள்." ஆவுடையப்பன் அடித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நிறுத்தினார். "வெந்நீரா? ஆமா, அங்க குளுரு சாஸ்திதான. இப்பமே சொல்லி வைக்கது நல்லதுதான்." அனுப்பினார். அது போகிற சின்னச் சத்தம் கேட்டது. அப்போதுதான் சிஸ்டர் வந்தாள், "தயாவதி சாமுவேல்! என்னம்மா இது, அழுதிருக்கீங்க? மருந்தெல்லாம் வழிஞ்சு போச்சே." "அழலம்மா, சிரிச்சேன்." "எதுவோ, திரும்ப விடணும், அண்ணாந்து பாருங்க." இன்னொரு துளி விழுந்தது, எரியவே இல்லை. சிஸ்டர் ஆவுடையப்பன் பக்கம் திரும்பி, "கோமதி அம்மாவுக்கு நல்லபடியா முடிஞ்சது, பத்து நிமிஷத்தில வெளிய வருவாங்க" என்றாள், அவர் நாற்காலிக் கையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ஸ்டாப் போலிருக்கிறது.

எழுந்து சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், போன்," என்று ஆவுடையப்பன் பின்னாலிருந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நடந்துகொண்டே தயாவதி அதைத் தடவிப் பார்த்தாள். அவளே பழைய திரைச்சீலைத் துணியில் தைத்த உறை. அதற்குள் போன் ஒழுங்காகப் படுத்திருந்தது. அவள் அவசரத்தில் அவிழ்த்துத் தொங்கப் போட்டிருந்த நாடா தொங்கவில்லை. விரலால் எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று சுற்று, முறுக்கில்லாமல், விளிம்புக்கு விளிம்பு பொருந்த, முனை உள்ளே செருகி. வாசித்து முடித்தவன், அவனுக்கு இனி அதில் ஒரு வேலையும் இல்லை, எடுக்கப்போகிற அடுத்த கைக்காக, எப்படி இருந்ததோ அப்படியே. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மணல் காற்று அடிக்கிற ஏதோ ஓர் ஊரில், வெந்நீர் வையுங்கள் என்கிற கடைசி வரியை வாசித்துச் சிரித்துவிட்டு எழுந்த ஒருவன், பேர் தெரியாது, முகம் தெரியாது, அவனை நம்பித்தான் அவள் ஒரு வாழ்க்கை முழுவதையும் வைத்தாள். கதவு திறந்தது, குளிர்ந்த காற்றும் பெரிய வெளிச்சமும் முகத்தில் விழுந்தன. அவன் சுற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.